பெரிய துப்பாக்கி, சின்னத் துப்பாக்கி, ஒரு தண்ணீர் பாட்டில்

கவிதாவுக்கும் முத்துவுக்கும் அப்பா எழுதுவது.

போன வாரம் நாம் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாண்டி போன் பண்ணினான். என் கை எச்சிலாக இருந்ததால் கவிதா ஸ்பீக்கரில் போட்டாள். பாண்டி எனக்குப் பின்னால் ஆயுதப்படையில் சேர்ந்தவன், இப்போது ஏட்டாக இருக்கிறான். அவன் பேசியது உங்கள் காதிலும் விழுந்தது.

"அண்ணே, எங்களுக்குப் பழைய பெரிய துப்பாக்கியை எல்லாம் வாங்கிக்கிட்டு சின்னதாக் குடுத்துட்டாக. ரேஞ்சுல எவனுக்கும் குறி நிக்க மாட்டேங்குது. பெருசே தேவலைன்னு ஆளாளுக்கு மொணங்குறாய்ங்க. நீங்க ரெண்டையும் இடுப்புல கட்டுன ஆளு. எதுண்ணே நல்லது?"

சாப்பிட்டுவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது முத்து கேட்டான், "நீங்க துப்பாக்கியால யாரையாவது சுட்டிருக்கீங்களாப்பா?" என்று. நான் வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்குள் உங்கள் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

"ஏன் சுடல? செவுத்தச் சுட்டாரு. நம்ம பழைய வாடகை வீட்டுச் செவுத்த."

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். உங்கள் இருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்தச் சுவரைச் சுட்டதில் உங்கள் இருவருக்கும் பங்கு உண்டு. கவிதாவுக்கு மங்கலாக ஞாபகம் இருக்கலாம். முத்து அப்போது தொட்டிலில் கிடந்தான். பாண்டிக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதில்தான் இருக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நான் போலீசில் சேர்ந்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. என் அப்பாவும் அம்மாவும் மலையில் ஏலத்தோட்ட வேலை. பள்ளிக்கூட லீவு விட்டால் நானும் ஜீப்பில் ஏறி மேலே போய்க் காய் எடுப்பேன். பத்தாவது முடித்த பிறகும் சில வருடம் அதுதான் என் சோலி. பிறகு ஆள் எடுப்பில் ஓடினேன், உயரம் இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியில் நிறைய ஓடினோம், நிறைய வெயில் பட்டோம், நீளத் துப்பாக்கியால் சுடக் கற்றுக்கொண்டோம். நான் நன்றாகவே சுட்டேன். அதனால்தான் கைத்துப்பாக்கி கொடுத்துக் காவல் வேலைக்கு அனுப்பினார்கள்.

அந்தக் கைத்துப்பாக்கிதான் பாண்டி சொல்கிற பெரிய துப்பாக்கி. முழு உடம்பு உள்ளது. குண்டு நிரப்பினால் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் அளவுக்குக் கனக்கும். பிடியில் நான்கு விரலும் சுற்றி வந்து உட்காரும். இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றால் ஒரு தெம்பு வரும். உட்கார்ந்தால்தான் தொல்லை. குழல் முனை தொடையில் குத்தும், பிடி விலாவில் இடிக்கும். அதனால் காவலுக்குப் போகிற நாங்கள் உட்காரவே மாட்டோம். நின்றுகொண்டே இருப்போம்.

அந்த வருடம் எனக்கு வந்த காவல் வேலை ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா ஒருவருக்கு. போடிக்கு மேலே மலைச்சரிவு எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்களுக்கு வீடு எப்படி இருக்கிறது, கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று நேரில் விசாரித்து அரசாங்கத்துக்குச் சொல்வதற்காக வந்தவர். யாரோ மிரட்டியிருக்கிறார்கள். அதனால் அவர் மலை ஏறும்போதெல்லாம் கூடவே ஒரு ஆள் போக வேண்டும் என்று உத்தரவு.

எனக்கு அது கடவுள் கொடுத்த வேலை மாதிரி. முத்து பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்குவான். வாரத்தில் பாதி நாள் அவனைத் தூக்கிக்கொண்டு தேனி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு உதவிக்கு ஆள் இல்லை. அவளைப் பெற்றவள் இறந்துபோயிருந்தாள். கவிதா மூன்றாம் வகுப்பு. இந்தக் காவல் வேலை என்றால் காலையில் மலை ஏறி மாலையில் போடியில் இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம். இது போய்விட்டால் சென்னையில் இருக்கிற எங்கள் போலீஸ் படைப்பிரிவுக்கு, கம்பெனி என்போம், அங்கே போக வேண்டும். போனால் எப்போது திரும்பி அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளையம்மா என்கிற கிழவி ஒரு கேள்வி கேட்டாள்.

ஒரு எஸ்டேட்டில் லயம் என்கிற வரிசை வீடுகளுக்கு முன்னால் நீதிபதி அம்மா தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். காய் எடுக்கிற பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் வழக்கம்போல அவருக்குப் பின்னால் நின்றேன். "வீடு ஒழுகுதா?" என்று கேட்டார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "கூலியில பிடிக்கிறாங்களா?" என்று கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கூரையில் பெரிய ஓட்டை, அதற்கு மேல் போட்டிருக்கிற தார்ப்பாய் கண்ணுக்குத் தெரிகிறது. "ஒழுகல தாயி" என்றாள் ஒருத்தி.

வெள்ளையம்மாதான் கடைசியில் சொன்னாள். பார்வை மங்கியவள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் இடுப்பையே பார்த்தாள்.

"தாயி, நீ நல்லாத்தான் கேக்குற. ஆனா ஒம் பின்னால ஒருத்தன் இம்புட்டுப் பெரிய துப்பாக்கிய வச்சுக்கிட்டு மொறச்சுக்கிட்டு நிக்கிறானே. இவன் யாரு ஆளு? ஒன் ஆளா, தொரை ஆளா?"

நான் முறைக்கவில்லை. வெயில் கண்ணில் அடித்தது, அதனால் புருவத்தைச் சுருக்கியிருந்தேன். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. காவலுக்கு நிற்பவன் பேசக் கூடாது.

இறங்கும்போது ஜீப்பில் நீதிபதி அம்மா என்னிடம் கோபப்படவில்லை. "தம்பி, உங்க மேல தப்பு இல்ல. ஆனா இது இப்படியே இருந்தா நான் மலை ஏறுறதே வீண். நான் உங்க அதிகாரிகிட்ட பேசுறேன்" என்றார். இனி சென்னைதான் என்று எனக்கு அப்போதே பட்டது.

எங்கள் அதிகாரி ரிசர்வ் இன்ஸ்பெக்டர். ஆர்.ஐ. ஐயா என்போம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சத்தம் போடாத மனிதர். மற்ற அதிகாரிகள் திட்டுகிற இடத்தில் அவர் வேலை செய்வார். சுட்டு முடித்ததும் டார்கெட் காகிதத்தில் விழுந்த ஓட்டைகளுக்குத் துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். மைதா பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரே நடந்து போய் ஒட்டுவார். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று நாங்கள் திறந்து காட்டினால் கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டார். தன் சுண்டு விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும்யா, விரலு ஏமாத்தாது" என்பார். ஒவ்வொருவரிடமும் இதையே சொல்வார். நாள் முடிவில் அந்தச் சுண்டு விரல் கன்னங்கரேல் என்று ஆகிவிடும்.

இன்னொன்றும் சொல்வார். யார் சுட நின்றாலும் முதுகுக்குப் பின்னால் வந்து மெதுவாக, "எப்ப வெடிக்கும்னு ஒனக்கே தெரியக் கூடாது. அப்படி அமுக்கு" என்பார். அப்படி என்றால் என்ன என்று எனக்கு அத்தனை வருடமாகப் புரிந்ததில்லை. சுடுகிறவனுக்குத் தெரியாமல் எப்படி வெடிக்கும்? பெரிய அதிகாரிகள் இப்படி ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீதிபதி அம்மா பேசியதும் ஆர்.ஐ. ஐயா காவலுக்குப் போகிற எங்களை எல்லாம் கூப்பிட்டார். அப்போதுதான் சின்னத் துப்பாக்கிகள் இரண்டு புதிதாக வந்திருந்தன. சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாது. "நீதிபதி அம்மாவுக்கு இதுதான் சரி. ஆனா இதச் சரியாச் சுடத் தெரிஞ்சவன்தான் போகணும். மறைச்சு வைக்க முடியுதுங்கிறதுக்காக, சுடத் தெரியாதவன் கையில நான் குடுக்க மாட்டேன். நாளைக்கு எல்லாரும் ரெண்டையும் சுடுங்க. எது எப்படிப் போகுதுன்னு நானும் பாக்கணும்" என்றார்.

ரேஞ்சு என்று நாங்கள் சொல்கிற சுடுகிற இடம் ஊருக்கு மேற்கே மலை அடிவாரத்தில். பின்னால் பெரிய பாறை. சுடும்போது சிவப்புக் கொடி ஏற்றுவோம். கொடி ஏறியிருந்தாலும் ஆடுகள் வரும், ஆட்டுக்குக் கொடி தெரியாது. ஆடு வந்தால் நிறுத்த வேண்டும். எல்லாரும் குண்டை எடுத்து, திறந்து காட்டி, ஆர்.ஐ. ஐயாவின் விரல் வந்து போன பிறகுதான் ஆட்டை விரட்டப் போகலாம்.

அன்றைக்கு ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு டார்கெட். இடது பக்கம் பெரிய துப்பாக்கிக்கு, வலது பக்கம் சின்னதுக்கு. காகிதத்தின் நடுவில் நெஞ்சளவு வட்டம். பத்து மீட்டர், பதினைந்து, இருபத்தைந்து என்று பின்னால் போய்க்கொண்டே சுட வேண்டும்.

எடுத்ததும் சின்னத் துப்பாக்கி எனக்குப் பிடித்துவிட்டது. பொம்மை மாதிரி லேசு. பிடித்துப் பார்த்தால் மூன்று விரல்தான் பிடியில் நிற்கிறது, சுண்டு விரலுக்கு இடம் இல்லாமல் கீழே தொங்குகிறது. ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற கருப்பசாமி பக்கத்தில் நின்றான். எனக்குத் தூரத்து உறவில் மச்சான் முறை.

"என்ன மாப்ளே, சுண்டு விரலு அனாதையாத் தொங்குது?"

"நீ சும்மா இரு. மூணு விரலு போதும்."

"போதும்னா சரி. டீக்கிளாஸ் பிடிக்கிற மாதிரியே பிடிச்சிருக்க, அதான் கேட்டேன்."

பத்து மீட்டரில் இரண்டும் ஒன்றுதான். பெரிய துப்பாக்கியின் ஓட்டைகளை என் உள்ளங்கையால் மூடலாம். சின்னதன் ஓட்டைகளும் ஏறக்குறைய அப்படித்தான். நான் கருப்பசாமியைப் பார்த்து மீசையைத் தடவினேன். பதினைந்தில் பெரியது அப்படியே நின்றது, சின்னது கலைந்தது. கலைந்ததிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. எல்லாம் இடது பக்கமாகக் கீழே போயிருந்தன. இருபத்தைந்தில் பெரியது கொஞ்சம் விரிந்தாலும் வட்டத்தை விட்டுப் போகவில்லை. சின்னதில் வட்டத்துக்குள் இரண்டோ மூன்றோதான். மற்றதெல்லாம் இடது கீழ் மூலையில். ஒன்று காகிதத்திலேயே இல்லை.

அதே குண்டு, அதே கை. ஆர்.ஐ. ஐயா பசைக் கிண்ணத்தோடு போய் நின்று பார்த்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டு இரண்டு துப்பாக்கியையும் மேசையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தார்.

"குறி பாக்க பின்னால இருக்கிற வெட்டுலயிருந்து முன்னால இருக்கிற முள்ளு வரைக்கும் எம்புட்டுத் தூரம் பாருங்க. பெருசுல நீளம், சின்னதுல குட்டை. குட்டையில முள்ளு நூலளவு நகந்தாலும் அங்கிட்டுப் போறப்ப சாண் அளவு நகந்திரும். லேசா இருக்கிறதால வெடிக்கிறப்ப துள்ளவும் செய்யும். பெருசு கனமா இருக்கிறதால ஒங்க தப்ப அது அமுக்கி வச்சிருக்கு. சின்னது அமுக்காது."

பிறகு என்னைத் தனியாகப் பார்த்தார். அவர் வாயில் பெயில் என்ற சொல் வராது. "முருகேசா, ஒனக்கு எல்லாம் ஒரே பக்கமாப் போகுது. அது துப்பாக்கி செய்யல, நீ என்னமோ செய்யிற. என்னன்னு எனக்கும் தெரியல. அடுத்த வாரம் திரும்பச் சுடு. வட்டத்துக்குள்ள நின்னா நீயே மலைக்குப் போ. நிக்கலேன்னா மதுரையில ஒருத்தன் இருக்கான், அவன வரச் சொல்லிட்டு ஒன்ன கம்பெனிக்கு அனுப்பணும். வீட்டுல பிள்ளைக்கு முடியலேன்னு தெரியும்யா. அதுக்காக அந்த அம்மா உயிர ஒங்கையில குடுக்க முடியாது."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பு இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் முத்துவைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். சென்னை என்று நான் சொன்னதும் தொட்டில் நின்றுவிட்டது. பிறகு திரும்ப ஆட்ட ஆரம்பித்தாள்.

துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து பழக முடியாது. கிடங்கில் ஒப்படைத்துவிட்டுத்தான் வர வேண்டும். எதை வைத்துப் பழகுவது? அப்போது நம் வீட்டில் துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டில் ஒன்று இருந்தது. மூடியில் துப்பாக்கி மாதிரியே விசை இருக்கும், அமுக்கினால் தண்ணீர் பீய்ச்சும். பச்சை நிற பாட்டில். கவிதா அதை வைத்து விளையாடி அடி வாங்கியிருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பாட்டிலை எடுத்துக்கொண்டு சுவருக்கு எதிரே நின்றேன். கவிதா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சிலேட்டுக் குச்சியால் சுவரில் வட்டம் போட்டாள். வட்டத்துக்குள் கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்து "இது கருப்பசாமி மாமா" என்றாள். நான் குறி பார்த்து அமுக்கினேன். கருப்பசாமியின் முகத்தில் எனக்கு இடது பக்கம் இருந்த காதுக்குக் கீழே தண்ணீர் பட்டது. திரும்ப அமுக்கினேன். அதே இடம். ரேஞ்சில் குண்டு போன அதே மூலைக்குத் தண்ணீரும் போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அம்மா முத்துவை மடியில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் மலை அடிவாரத்துச் சிலமலை ஊர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அவளும் சீசனுக்கு ஜீப்பில் போய்க் காய் எடுத்தவள்.

"ஏங்க, நீங்க துப்பாக்கி சுடுறீகளா, காய் பறிக்கிறீகளா?"

"என்ன சொல்ற?"

"கையப் பாருங்க. செடி மூட்டுல ஒக்காந்து சரத்துலயிருந்து பழுத்த காயை எடுக்கிறப்ப எப்படித் திருகுவோம்? கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேத்துப் பிடிச்சு ஒரு திருகு, ஒரு சுண்டு. அதத்தான் நீங்க செய்யிறீக. மணிக்கட்டு உள்ளாற திரும்புது."

நான் நம்பவில்லை. அவள் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்துத் தன் விரலிடுக்கில் செருகி நீட்டினாள். "இத எடுங்க பாப்போம்" என்றாள். எடுத்தேன். என் மணிக்கட்டு தானாக இடது பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது. எத்தனை சீசன் எடுத்த காய், விரல் மறக்குமா? கனமான துப்பாக்கி அந்தத் திருகலைத் தாங்கிக்கொண்டது. லேசான துப்பாக்கி என் கையோடு சேர்ந்து திரும்பிவிட்டது.

என்ன செய்கிறேன் என்று தெரிந்துவிட்டது. நிறுத்துவது எப்படி என்று தெரியவில்லை. மெதுவாக அமுக்கினால் பாதியில் விரல் பழைய ஞாபகத்தில் வெடுக்கென்று சுண்டிவிடும். அப்படிச் சுண்டும்போதெல்லாம் பாட்டில் "கீச்" என்று கத்தும். கத்தினால் முத்து விழித்துக்கொண்டு வீரிட்டு அழுவான். அவனுக்கு மூச்சு வாங்கும், அம்மா என்னை முறைப்பாள்.

"பிள்ளைய எழுப்பாம அமுக்குங்க. இல்லேன்னா வெளிய போய் நின்னு சுடுங்க."

வெளியே போய் நின்று தண்ணீர் பீய்ச்சினால் தெருவே சிரிக்கும். அதனால் உள்ளேயே நின்றேன். குறியைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டேன். பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் நினைப்பு. விசையில் விரலை வைத்து, அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக, கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினேன். தண்ணீர் எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கருப்பசாமியின் மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது.

கவிதா கை தட்டப் போனாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

எப்ப வெடிக்கும்னு ஒனக்கே தெரியக் கூடாது என்று ஆர்.ஐ. ஐயா சொன்னது இதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்த நேரமெல்லாம் சுவரைச் சுட்டேன். முத்து தூங்கினால் பழகுவேன். அவன் அழுதால் தப்பு செய்தேன் என்று அர்த்தம். சுவர் ஊறி, சுண்ணாம்பு உரிந்து கையோடு வந்தது. வீட்டுக்காரருக்கு அம்மா என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பச் சுடுகிற நாள் வந்தது. வானம் தெளிவாக இருந்தது. கணவாய்க் காற்று மட்டும் கொஞ்சம் அடித்தது. முன்புபோலவே இரண்டு டார்கெட், இரண்டு துப்பாக்கி. கருப்பசாமி சின்னதை எடுத்துக் கொடுக்கும்போது இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை. "மாப்ளே, எந்தங்கச்சி என்ன சொல்லுச்சு?" என்று மட்டும் கேட்டான். "பிள்ளைய எழுப்பாமச் சுடச் சொல்லிச்சு" என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பத்து மீட்டரும் பதினைந்தும் நன்றாக வந்தன. இருபத்தைந்துக்குப் போய் நின்று பாதி சுட்டிருப்பேன், ஆர்.ஐ. ஐயா "நிறுத்து" என்றார். பாறைக்குப் பக்கத்தில் ஆடுகள். குண்டை எடுத்தேன், திறந்து காட்டினேன், அவர் விரல் வந்து போனது. ஒரு கிடாய் டார்கெட் கம்பத்தில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது. கருப்பசாமி கல்லை எறிந்து விரட்டினான். அது போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது.

அந்த நேரத்தில் மீதி இருக்கிற குண்டில்தான் எல்லாம் இருக்கிறது என்ற நினைப்பு வந்துவிட்டது. சென்னை, ஆஸ்பத்திரி, அம்மா கையில் பிள்ளையோடு பஸ்சுக்கு நிற்பது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஆர்.ஐ. ஐயா பசைக் கிண்ணத்தில் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

ஆடு போனது. "சுடு" என்றார். துப்பாக்கியை உயர்த்தினேன். வட்டத்தைப் பார்க்கும்போது அதற்குப் பக்கத்தில் தொட்டில் தொங்குவது மாதிரி நினைத்துக்கொண்டேன். மூச்சு கேட்கிற மாதிரி இருந்தது. அதை எழுப்பாமல் அமுக்கினேன். வெடித்தபோது நானே திடுக்கிட்டேன். அடுத்ததும் அப்படித்தான். கடைசிக் குண்டு வரைக்கும் அப்படித்தான்.

ஆர்.ஐ. ஐயா நடந்து போய், இந்தத் தடவை ஒட்டாமல், இரண்டு காகிதத்தையும் கழற்றிக்கொண்டு வந்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். மேல் காகிதத்தின் ஓட்டைகளில் வெளிச்சம் தெரிந்தது. சில ஓட்டைகள் இரண்டிலும் ஒன்றாக இருந்ததால் பளிச்சென்று இருந்தன. சின்னத் துப்பாக்கியின் ஓட்டைகள் அன்றைக்கும் பெரியதைவிடப் பரவலாகத்தான் இருந்தன. இருபத்தைந்தில் பெரியதை அது ஜெயிக்கவே இல்லை. ஆனால் இடது கீழ் மூலை சுத்தமாக இருந்தது. எல்லாம் வட்டத்துக்குள்.

அவர் காகிதத்தை மடித்தபடி கேட்டார். "பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?"

"தூங்குறான்யா" என்றேன்.

"சரி. நாளைக்கு வெரசா வந்துரு. அம்மா மலைக்குப் போறாங்க."

வீட்டுக்கு வந்தபோது அம்மா கவிதாவின் யூனிபாரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாட்டிலை நீட்டினாள். வாங்கி அமுக்கினேன். தண்ணீர் சத்தமில்லாமல் யூனிபாரத்தில் விழுந்தது. "அப்ப நாளைக்கு ஒங்க சட்டையும் தேய்க்கணும்" என்றாள். சொல்லிவிட்டுத் தேய்ப்புப் பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாண்டிக்கு நேற்று போன் பண்ணி என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டேன். தூரத்துக்குப் பெரியது நல்லது. பக்கத்துக்கு இரண்டும் ஒன்று. பெரியது உன் தப்பைப் பொறுத்துக்கொள்ளும், சின்னது பொறுக்காது. அதனால் துப்பாக்கியைக் குறை சொல்லாமல், உன் விரல் வேறு எந்த வேலையில் பழகியது என்று யோசித்துப் பார் என்றேன். "நான் லாரி கிளீனரா இருந்தேன்ணே, நட்டு முடுக்குவேன்" என்றான். "அப்ப அதுதான்டா" என்றேன்.

முத்து கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் சுடவில்லை. அந்தச் சின்னத் துப்பாக்கியை ஒப்படைக்கிற நாள் வரைக்கும் ரேஞ்சுக்கு வெளியே அதை உருவ வேண்டிய வேளை எனக்கு வரவே இல்லை. ஒப்படைத்த அன்றைக்கு இடுப்பு மட்டும் இல்லை, நெஞ்சும் லேசாக இருந்தது.

திரும்பச் சுட்டதற்கு மறுநாள் மலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

அதே லயம், அதே சாக்கு. நீதிபதி அம்மா தரையில் உட்கார்ந்தார். நான் தேய்த்த சட்டையை வெளியே விட்டிருந்தேன். அதற்குள் சின்னத் துப்பாக்கி இருந்தது யாருக்கும் தெரியாது. நிற்கப் போனவன், சும்மா குத்தவைத்துப் பார்த்தேன். தொடையில் குத்தவில்லை, விலாவில் இடிக்கவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு டூட்டியில் உட்கார்ந்தேன். நான்கு பக்கமும் கண் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்களுக்கு ஓரத்தில், அவர்களில் ஒருவனாக.

வெள்ளையம்மா பக்கத்தில் இருந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ யாரு அப்பு? ஜீப்பு டிரைவரா?"

"கூட வந்தவன் ஆத்தா."

"போன தடவ ஒருத்தன் வந்தான். துப்பாக்கிய வச்சுக்கிட்டு மொறச்சுக்கிட்டே நின்னான். அவன் எங்க?"

"அவன மாத்திட்டாக ஆத்தா."

"நல்ல சோலி செஞ்சாக" என்றாள் வெள்ளையம்மா. பிறகு நீதிபதி அம்மா பக்கம் திரும்பி, கூரையைக் கையால் காட்டி, "தாயி, இது எப்பயிருந்து ஒழுகுதுன்னு கேளு, சொல்றேன்" என்று ஆரம்பித்தாள்.